பெயிலானது அக்கா இல்லை

அக்காவின் டயக்னோசிஸ் காட்டை வீட்டில் வாசித்துச் சொன்னது நான்தான். எல்லாம் இங்கிலீசில் எழுதியிருந்ததால் அம்மா என்னட்டை நீட்டினா. "என்னெண்டு போட்டிருக்கினம், ஒருக்கா வாசி பிள்ளை." 'பெயில்ட் ஐ.ஓ.எல்.' என்று ஒரு வரி. அதுக்குக் கீழே 'எமேர்ஜன்சி எல்.எஸ்.சி.எஸ்.' என்று இன்னொரு வரி. பிறகு பிள்ளையின் நிறை, குடுத்த மருந்து, தையல் காட்ட வரவேண்டிய திகதி. அவ்வளவுதான். போனில் தேடிப் பார்த்துவிட்டு, "வலி வர வைக்கிறதுக்கு மருந்து குடுத்தவை, பெயிலாம். அதுதான் ஒப்பரேசன்" என்று சொன்னேன்.

பெரியம்மா கதவடியில் நின்றவ. அவவுக்குக் கேட்டது 'பெயில்' மட்டும்தான்.

31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்த சனம் வரைக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. "வலி தாங்கத் தெரியேல்லைப் போல", "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு முக்கத் தெரியாது", "குனிஞ்சு நிமிந்து ஒரு வேலை செய்யேல்லை, ஒரே போன்தானே." இதையெல்லாம் அக்கா காது கேட்கவே சொன்னார்கள். வெறுப்பில் சொன்னதாகவும் இல்லை, பேச்சுவாக்கில் சொன்னார்கள். அக்கா பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டு தலை குனிந்தபடி இருந்தா. ஏ.எல்.இல் மூன்று ஏ எடுத்த பிள்ளை. வாழ்க்கையில் முதல் தரம் அவவை பெயில் என்று சொன்னது எங்கட வீடுதான், அதுவும் என்ர மொழிபெயர்ப்பில்.

இப்ப யோசிக்கும்போது எனக்கு என்னில்தான் கோவம் வருகிறது. அந்த இங்கிலீஸ் வரியில் பெயிலானது எது என்பது தெளிவாகவே இருக்கிறது: இன்டக்சன், அதாவது மருந்து குடுத்து வலியைத் தொடக்குகிற முறை. தமிழில் நான் "பெயிலாம்" என்று எழுவாய் இல்லாமல் சொன்னேன். எங்கட பேச்சில் எழுவாய் இல்லாமலே வசனம் நிற்கும். வெறுமையாக இருந்த அந்த இடத்தில் ஆளாளுக்கு அக்காவைத் தூக்கி வைத்துவிட்டார்கள்.

இதை எழுதுவது அக்காவுக்கு மன்னிப்புக் கேட்க மட்டுமில்லை. வாசிக்கிற உங்களில் பலருக்கு அக்கா, மச்சாள், சிநேகிதி என்று யாராவது ஒருத்தி இதே வரியோடு வீட்டுக்கு வந்திருப்பா. இன்னும் சிலர் நாளைக்கு வருவீர்கள். அந்த வரிக்கு என்ன அர்த்தம், அது அடுத்த பிள்ளைக்கு ஏன் முக்கியம் என்பதை ஆஸ்பத்திரியும் சொல்லுவதில்லை, வீடும் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து அந்தப் பொம்பிளையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். என்ர சண்டை இதோடுதான்.

முதலில் அந்த 'முக்கத் தெரியேல்லை' கதையை முடித்துவிடுகிறேன். முக்குவது கருப்பை வாய் முழுதாக, 10 சென்ரிமீற்றர் விரிந்த பிறகு வருகிற வேலை. அக்காவுக்குக் கடைசியாகப் பார்த்தபோது 4 சென்ரிமீற்றர். முக்குகிற கட்டமே அவவுக்கு வரவில்லை. பரீட்சை மண்டபத்துக்கே போகாத பிள்ளையைப் பார்த்து "விடை எழுதத் தெரியேல்லை" என்று சொல்லுகிற கதை இது. இனி யாராவது இன்டக்சன் சரிவராமல் சிசேரியன் ஆன பொம்பிளையைப் பார்த்து இப்படிச் சொன்னால், தயவுசெய்து இந்த ஒரு கணக்கையாவது எடுத்துச் சொல்லுங்கோ.

அக்காவுக்கு என்ன நடந்தது? டியூ டேற் கழிந்து ஒரு கிழமை, 41 வாரம். வலி வரவில்லை. வாட்டில் மறித்தார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. 41 வாரத்துக்குப் பிறகு காத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை வயிற்றுக்குள் இறந்துபோகிற ஆபத்து, சிறியதென்றாலும், ஏறத் தொடங்கும். அதனால்தான் அந்தக் கட்டத்தில் வலியைத் தொடக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. பின்னேரம் ஜெல் வைத்தார்கள். அடுத்த நாள் காலமை பார்த்தால் 1 சென்ரிமீற்றர், வாய் இன்னும் தடிப்பு. பிறகு பலூன் வைத்தார்கள். ஒரு மெல்லிய குழாயைக் கருப்பை வாய்க்குள் விட்டு, அதன் நுனியில் இருக்கிற சின்ன பலூனைத் தண்ணீரால் ஊதிவிடுவார்கள். அது உள்ளிருந்து அழுத்தி வாயை இளக்கும். மூன்றாம் நாள் காலமை 3 சென்ரிமீற்றர். ஒன்பது மணிக்குப் பன்னீர்க்குடத்தை உடைத்து சேலைனில் ஒக்சிரோசின் ஏற்றத் தொடங்கினார்கள். பின்னேரம் ஆறு மணிக்கு 4. ஆறரைக்குத் தியேட்டர்.

இதில் உடம்புக்குள் நடக்கிற வேலை இரண்டு. ஒன்று, கருப்பை வாய் பதமாகிறது. மற்றது, கருப்பை சுருங்கி வலி குடுக்கிறது. நாங்கள் எல்லாரும் 'வலி வந்தால் பிள்ளை பிறக்கும்' என்று இரண்டாவதை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறோம். முதலாவது சரிவராமல் இரண்டாவது எவ்வளவு வந்தாலும் கதவு திறவாது.

யாழ்ப்பாணத்தில் வாழைக்குலைக்குப் புகை போடுவது தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. முற்றின குலைக்குப் புகை போட்டால் அடுத்தடுத்த நாளில் பழுத்துவிடும். முற்றாத குலைக்கு எவ்வளவு புகை அடித்தாலும் தோல் கறுக்குமே தவிர உள்ளே காயாகவே கிடக்கும். அதுக்காக ஒருவரும் குலையைத் திட்டுவதில்லை. ஆஸ்பத்திரியிலும் கருப்பை வாயைப் 'பழுக்க வைப்பது' என்றுதான் இங்கிலீசில் சொல்லுவார்கள். வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, தொட்டால் மூக்கு நுனி மாதிரி விறைப்பா உதடு மாதிரி மெதுமையா, பின்பக்கம் பார்த்து இருக்கிறதா முன்பக்கமா, பிள்ளையின் தலை எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்துப் புள்ளி போடுவார்கள். எட்வேர்ட் பிஷப் என்ற மகப்பேற்று மருத்துவர் 1964இல் வெளியிட்ட முறை. மொத்தம் 13. எட்டோ அதுக்கு மேலேயோ வந்தால் இன்டக்சன் பெரும்பாலும் சரிவரும். ஆறும் அதுக்குக் கீழேயும் என்றால் வாய் இன்னும் ஆயத்தமில்லை, முதலில் அதைப் பதமாக்கத்தான் வேண்டும். முதல் பிள்ளைக்காரிக்கு இந்தப் புள்ளி குறைவாக இருப்பது சாதாரணம்.

அக்காவுக்கு எத்தனை புள்ளி போட்டார்கள்? தெரியாது. அவவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கை விட்டுப் பார்த்தார்கள், பைலில் எழுதினார்கள், அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

வேறு காரணங்களும் உண்டு. பிள்ளை தலைகீழாக இருந்தாலும் முகம் தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்தபடி இருந்தால், தலையின் அகலமான பக்கம்தான் முதலில் வந்து இடுப்பெலும்பில் முட்டும். அப்ப தலை கருப்பை வாயில் நேராக உட்கார்ந்து அழுத்தாது, இறக்கமும் மெதுவாகும். சில வேளை தலைக்கும் இடுப்பெலும்புக்கும் அளவு பொருந்தாது. சில வேளை டியூ டேற் கணக்கே பிழையாக இருக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கான் செய்யாமல், மாதவிடாய்த் திகதியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், 41 வாரம் என்று நாங்கள் நினைப்பது உண்மையில் 39 ஆகவும் இருக்கலாம். ஒக்சிரோசினை மணித்தியாலக் கணக்காக ஏற்றிக்கொண்டே போனால் கருப்பைத் தசை அந்த மருந்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப் போவதும் நடக்கும். இந்தப் பட்டியலில் எங்கேயாவது 'போன் பார்த்தது' இருக்கிறதா? 'வலி தாங்கத் தெரியாதது' இருக்கிறதா?

இனி நேரக் கணக்குக்கு வருவோம். எனக்கு ஆஸ்பத்திரியோடு இருக்கிற உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது.

1950களில் அமெரிக்காவில் இம்மானுவல் ஃப்ரீட்மன் என்ற டொக்டர் 500 முதற்பிரசவங்களைக் கவனித்து, கருப்பை வாய் எந்த வேகத்தில் விரிகிறது என்று ஒரு கோடு கீறினார். மணித்தியாலத்துக்கு 1 சென்ரிமீற்றர் என்று லேபர் றூம்களில் பல தசாப்தமாகப் பார்த்துவந்த கணக்கின் வேர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் அதைத் திருத்தியது. சுறுசுறுப்பான கட்டம் 5 சென்ரிமீற்றரில்தான் தொடங்குகிறது, மணித்தியாலத்துக்கு 1 சென்ரிமீற்றர் என்பது எல்லாருக்கும் பொருந்தாது, அதைவிட மெதுவாகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிடக் கூடாது என்று சொன்னது. அதுக்கு முதல் இருக்கிற மந்தமான கட்டத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்று ஒரு அளவே கிடையாது என்றும் சொன்னது. இன்டக்சனுக்கென்றே அமெரிக்க மகப்பேற்று நிபுணர்களின் அமைப்புகள் 2014இல் எழுதிய ஒன்று இருக்கிறது: தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், பன்னீர்க்குடம் உடைத்த பிறகு குறைந்தது 12 தொடக்கம் 18 மணித்தியாலம் ஒக்சிரோசின் குடுத்துப் பார்க்காமல் 'பெயில்' என்று எழுதக் கூடாது.

அக்காவுக்குக் குடுத்தது ஒன்பதரை மணித்தியாலம்.

உடனே "பாத்தியளா, ஆஸ்பத்திரிக்காரர் அவசரப்பட்டு வெட்டிப்போட்டினம்" என்று கிளம்பவேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. அந்தக் கணக்கு 'தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால்' என்று தொடங்குகிறது. பிள்ளையின் இதயத்துடிப்பு குறைந்திருக்கலாம். அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். கழிவு கலந்த தண்ணீர் வந்திருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் அந்த முடிவு என்ர மருமகனின் உயிரைக் காத்த முடிவு, நான் அந்த டொக்டரின் காலில் விழுவேன். ஆனால் அப்படி ஒன்று இருந்ததா இல்லையா என்பதை அந்தக் காட் சொல்லவில்லை. அது சொன்னது இரண்டே வரி. துடிப்பு குறைந்து செய்த சிசேரியனும், வலி தொடங்கவே இல்லை என்று செய்த சிசேரியனும், நன்றாக விரிந்துகொண்டு போய் 8இல் நின்றுவிட்டது என்று செய்த சிசேரியனும் ஒன்றில்லை. வயிற்றில் இருக்கிற தழும்பு ஒரே மாதிரி இருக்கலாம், ஆனால் அடுத்த பிள்ளையின் கதை மூன்றிலும் வேறு.

வாட்டில் வேலை செய்கிறவர்களை வில்லன்களாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் இந்த நாட்டை விட்டுப் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மிச்சம் இருப்பவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார்கள். அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த தங்கச்சிக்கு இரவு மூன்று மணிக்குச் சுடுதண்ணி கொண்டுவந்து குடுத்த மிட்வைவ் அக்காவை அக்கா இப்பவும் சொல்லிக்கொண்டிருப்பா. ஆனால் விளக்கம் சொல்லுவதுக்கு மூன்று நிமிசம் போதும். நேரமில்லை என்பதை நம்புகிறேன். அது பழக்கத்தில் இல்லை என்பதையும் நம்புகிறேன்.

அந்த மூன்று நிமிசம் எந்த மொழியில் என்பது இன்னொரு கேள்வி. டொக்டருக்குச் சிங்களமும் இங்கிலீசும், தாய்க்குத் தமிழ் மட்டும் என்று இருக்கிற வாட்டுகள் மலையகத்தில் மட்டுமில்லை, வடக்குக் கிழக்கிலும் உண்டு. நடுவில் நின்று ஒரு அற்றன்டன்ட் சொல்லுகிற இரண்டு சொல்தான் அந்தத் தாய்க்குக் கிடைக்கிற முழு மருத்துவ விளக்கம். எங்கட அக்கா படித்தவ, இங்கிலீஸ் விளங்கும், அவவுக்கே இவ்வளவுதான் கிடைத்தது என்றால் மற்றவர்களின் நிலைமையை நீங்களே யோசியுங்கோ.

இப்ப எதிர்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் குடுக்க வேண்டும். ரிக்ரொக்கில், பேஸ்புக்கில் 'இயற்கைப் பிரசவம்' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களின் பாட்டு இது: ஊசி, ஜெல் எல்லாம் விசம், இன்டக்சன் செய்தால் சிசேரியன்தான், எங்கட பாட்டிமார் வயலில் பெத்துப்போட்டு நாற்று நட்டவை. அக்கா வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை சிநேகிதி ஒருத்தி இப்படி ஒரு வீடியோவை அவவுக்கு அனுப்பினா. பெரியம்மா சொன்னதையே இளம் வயசில், நல்ல வெளிச்சத்தில், பின்னணி இசையோடு சொல்லுகிற வீடியோ. உன்ர உடம்பை நீ நம்பவில்லை, அதனால் வந்த வினை என்கிறது அது.

2018இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், வேறு சிக்கல் ஒன்றும் இல்லாத முதற்பிரசவத் தாய்மாரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு 39ஆம் வாரத்தில் இன்டக்சன், மற்றப் பகுதியைக் காக்க விட்டார்கள். இன்டக்சன் செய்தவர்களில் சிசேரியன் 18.6 வீதம், காத்தவர்களில் 22.2 வீதம். அந்த ஆஸ்பத்திரிகளில் பொறுத்திருந்து பார்க்க ஆளும் வசதியும் இருந்தது, எங்கட வாட்டில் அதே எண் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்டக்சன் என்றாலே கத்திதான் என்பது பொய். பாட்டிமார் கதைக்கு வந்தால், 1930களில் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பிள்ளை பிறந்தால் ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். நாற்று நடப் போன பாட்டிமார் தப்பிப் பிழைத்தவர்கள். செத்தவர்களுக்கு எங்களைப் போல பேரப்பிள்ளைகள் இல்லை, கதை சொல்ல.

சரி, அடுத்த முறை. மகனுக்கு மூன்று வயசாகப் போகிறது. அக்காவுக்கும் அத்தானுக்கும் இன்னொரு பிள்ளை வேண்டும். சனத்தின் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது: ஒருக்கா வெட்டினால் எப்பவும் வெட்டுத்தான்.

அப்படி இல்லை. முன்னம் ஒரு சிசேரியன் செய்த பொம்பிளைகள் திட்டமிட்டு நோர்மல் டெலிவரிக்கு முயற்சித்தால் 100க்கு 72 தொடக்கம் 75 பேருக்குச் சரிவருகிறது என்று பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர்களின் றோயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லுகிறது. ஏற்கெனவே ஒரு பிள்ளையை நோர்மலாகப் பெற்றிருந்தால் அது 85 தொடக்கம் 90 வரைக்கும் போகும். ஆபத்து இல்லாமலும் இல்லை. பழைய தையல் கருப்பையில் விட்டுப் போவது 200 பேரில் ஒருவருக்கு நடக்கிறது. நடந்தால் பெரிய ஆபத்து, அதனால்தான் உடனே தியேட்டர் திறக்கக்கூடிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இதைச் செய்யலாம். அடுத்த முறை வலி தானாக வருவது முக்கியம் என்பதுக்கும் காரணம் இதுதான். மருந்து குடுத்து வலியைத் தொடக்கினாலோ கூட்டினாலோ தையல் விட்டுப் போகிற ஆபத்து இரண்டு மூன்று மடங்காகும். மிசோபுரொஸ்டோல் போன்ற சில மருந்துகளைத் தழும்பு இருக்கிற கருப்பைக்கு மாதம் நிறைந்த நேரத்தில் பாவிக்கக் கூடாது. ஆகவே போன முறை இன்டக்சன் ஏன் சரிவரவில்லை என்று தெரியாமல் அடுத்த முறையும் அதே மாதிரிப் போய் வாட்டில் படுப்பது விளையாட்டில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. "வேண்டாம், எனக்கு இரண்டாவதும் திகதி குறிச்சுச் சிசேரியன் செய்யட்டும்" என்று ஒரு பொம்பிளை முடிவெடுத்தால் அதுவும் முழு மரியாதைக்குரிய முடிவுதான். மூன்று நாள் வலியும் கடைசியில் கத்தியும் அனுபவித்தவளுக்கு அந்தப் பயத்தைத் திரும்பப் படாமல் இருக்க உரிமை இருக்கிறது. ஆனால் அதுவும் விசயம் தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்கவேண்டும். ஒவ்வொரு சிசேரியனோடும், அடுத்த முறை நஞ்சு பழைய தழும்பில் ஒட்டி வளர்ந்து பிரிக்க முடியாமல் போகிற ஆபத்து கூடும். நாலு பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவளும் இரண்டோடு போதும் என்கிறவளும் ஒரே கணக்குப் போட ஏலாது.

அப்ப என்ன செய்யலாம்? நாங்கள் கற்றது இதுதான். ஆஸ்பத்திரியை விட்டு வரமுதல் கேளுங்கோ. பிள்ளை கிடைத்த சந்தோசத்திலும் களைப்பிலும் தாய்க்குக் கேட்கத் தோன்றாது, அதனால் கூட்டிவரப் போகிற நீங்கள் கேளுங்கோ. தொடங்கும்போது கருப்பை வாய் எப்படி இருந்தது, எத்தனை சென்ரிமீற்றரில் நின்றது, குடம் உடைத்து எத்தனை மணித்தியாலம் பார்த்தவை, பிள்ளையின் துடிப்பு எப்படி இருந்தது, பிள்ளை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, கருப்பையில் வெட்டு குறுக்கே கீழேயா நெடுக்கா, அடுத்த முறை நோர்மலுக்கு முயற்சிக்கத் தடை ஏதும் உண்டா. இதைக் காட்டில் எழுதித் தரச் சொல்லுங்கோ. வெட்டு எப்படி என்பது மற்ற எல்லாத்தையும் விட முக்கியம். கருப்பையில் நெடுக்கு வெட்டு என்றால் அடுத்த முறை நோர்மலுக்கு விட மாட்டார்கள். வெளித்தோலில் இருக்கிற தழும்பைப் பார்த்து உள்ளே எப்படி வெட்டியது என்று சொல்ல முடியாது.

இதில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்த ஒரு விசயம். அக்காவின் காட்டில் இருந்த 'எல்.எஸ்.சி.எஸ்.' என்ற நாலு எழுத்தில் முதல் இரண்டும் 'கீழ்ப்பகுதி' என்று அர்த்தம். அதாவது கருப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டின சிசேரியன். வழக்கமாக அதைக் குறுக்காகத்தான் வெட்டுவார்கள், அடுத்த முறைக்கு வழி திறந்து விடுகிற வெட்டு அதுதான். நல்ல செய்தியும் அந்தக் காட்டில்தான் இருந்தது. மூன்று வருசமாக அலுமாரிக்குள் கிடந்தது. நான் வாசித்துச் சொன்னது பெயிலை மட்டும்.

மிச்ச ஆயத்தம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை பிறந்து அடுத்தது வயிற்றில் தங்க 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது, தழும்பு ஆறுவதுக்கும் அது நல்லது. மாதவிடாய் தள்ளிப்போனவுடன் பதிந்து, முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கான் எடுத்து, திகதியைச் சரியாகப் பிடிக்கவேண்டும். சீனியையும் பிறசரையும் கர்ப்பத்துக்கு முதலே பார்த்துக்கொள்ள வேண்டும், இன்டக்சனுக்கு மறிக்கிற காரணங்களில் அவை இரண்டும் முன்னுக்கு நிற்கின்றன. 36ஆம் வாரத்தில் இல்லை, முதல் கிளினிக்கிலேயே வீ.ஓ.ஜி.யிடம் "போன முறை இப்படி நடந்தது, இந்த முறை என்ன திட்டம், 41 வாரத்திலும் வலி வராவிட்டால் என்ன செய்வீர்கள்" என்று கேட்கவேண்டும்.

ஆள் ஒருத்தர் கூட நிற்பதும் ஆயத்தம்தான். பிரசவ நேரத்தில் தாயோடு ஒருவர் தொடர்ந்து பக்கத்தில் இருந்தால் சிசேரியன் குறைகிறது, நோர்மல் டெலிவரி கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு காட்டுகிறது. மருந்தும் இல்லை, மெசினும் இல்லை, ஒரு ஆள், அவ்வளவுதான். அக்கா மூன்று நாளும் தனிய. அம்மா வெளியில் கொங்கிறீற் பெஞ்சில் பிளாஸ்கோடு இருந்தவ. அத்தானை வாசலில் காவலாளி மறித்துவிட்டார். "ஆம்பிளையள் வரேலாது." பக்கத்துக் கட்டில்களுக்கு இடையில் ஒரு திரைச்சீலை இருந்தால் தீர்கிற பிரச்சினைக்கு நாங்கள் எவ்வளவு காலமாக மனுசரை வெளியில் நிற்பாட்டுகிறோம்.

காட்டில் இல்லாத விசயம் பெட் ஹெட் ரிக்கற்றில் இருக்கும். கட்டில் மாட்டில் தொங்குகிற அந்தப் பைலில்தான் ஒவ்வொரு முறை பார்த்ததும், ஏற்றின மருந்தும், துடிப்பும் நேரத்தோடு எழுதப்பட்டிருக்கும். வீட்டுக்கு வரும்போது அது ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும். அது எங்களுக்குரியதில்லை என்றுதான் நானும் நினைத்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். அது மறைக்கச் சொல்லுவது இன்னொருவரின் மருத்துவக் குறிப்பை, அதுவும் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால். தன்னுடைய குறிப்பைத் தானே கேட்கிறவவுக்கு அது தடையாக நிற்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. தமிழில் எழுதிக் கேட்கலாம்.

போன மாதம் அக்காவும் நானும் குசினி மேசையில் இருந்து கடிதம் எழுதினோம். அனுமதித்த திகதி, வாட் இலக்கம், காட்டின் போட்டோப் பிரதி. என்ன வேண்டும் என்ற இடத்தில் அக்கா தானே எழுதினா: பிரசவத்தின்போது செய்த பரிசோதனைகளின் குறிப்பு, ஒக்சிரோசின் ஏற்றிய நேரங்கள், பிள்ளையின் இதயத்துடிப்புப் பதிவு, சத்திரசிகிச்சைக் குறிப்பு. பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தா. "அதெல்லாம் முடிஞ்ச கதைதானே பிள்ளை, இப்ப என்னத்துக்கு?" அக்கா தலை நிமிர்த்தாமலே, "பெரியம்மா, எனக்கு நாலில நிண்டது. முக்கிறது பத்தில. உங்களுக்குத் தெரியுமோ?" என்றா. பெரியம்மா கொஞ்ச நேரம் நின்றா. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன்ர மூத்த பிள்ளை, உயிரோடு இல்லாத அந்தப் பிள்ளை, பிறந்த கதையை முதல் தரம் எங்களுக்குச் சொன்னா. இரண்டு நாள் வலி. ஏன் என்று அவவுக்கும் ஒருவரும் சொல்லவில்லையாம்.

கடிதத்தைத் தகவல் உத்தியோகத்தரிடம் குடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கியிருக்கிறோம். பதிவறையில் தேடவேண்டும், வாற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் லீவு போட்டுவிட்டார். பெரியம்மாவும் வாறன் எண்டு நிற்கிறா.